உங்களுக்குத் தெரியுமா? தின்ன முடியாத பலகாரங்கள்

களிமண்ணில் பலகாரம் செய்து, வண்ணம் தீட்டி, பார்க்கிறவர் கை நீட்டும் அளவுக்கு நிஜமாக்குவது பல நாட்டு ஓவிய வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் பிடித்த பாடம். அங்கே கப்கேக், டோனட், ஐஸ்கிரீம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கத்தில் ஓர் ஓவிய ஆசிரியர் இதை நடத்தினால் டோனட்டுக்குப் போக வேண்டியதில்லை. மண் ஏரியில் இருக்கிறது, மாதிரிக்கு ஆற்காட்டு மக்கன் பேடா இருக்கிறது. இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் தின்ன முடியாத தின்பண்டங்களைப் பற்றியே.

● தமிழ்நாட்டில் மிக அதிகமாகச் செய்யப்படும் களிமண் பலகாரம் எது என்று கேட்டால், என் ஓட்டு மோதகத்துக்குத்தான். விநாயகர் சதுர்த்திக்குச் சந்தையில் வரும் ஏறக்குறைய ஒவ்வொரு களிமண் பிள்ளையார் கையிலும் ஒன்று இருக்கிறது. குண்டுமணிக் கண்ணையும் எருக்கம்பூ மாலையையும் பார்க்கிற நாம் அதைப் பார்ப்பதில்லை. கையால் பிள்ளையார் பிடிக்கிறவர்கள் மோதகத்தைத் தனியாக உருட்டி, நுனியைக் கிள்ளி, மண்குழம்பு தடவி ஒட்டுகிறார்கள். அன்று காலை அடுப்படியில் அரிசி மாவில் நடப்பதும் அதே கிள்ளல்தான்.

● ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில் ஒரு பெண் ஆற்றுத்துறையில் நின்று கண் சிவக்க அழுகிறாள். அவள் செய்து வைத்திருந்த வண்டலைப் புதுவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதே நூலில் அம்மூவனாரின் நெய்தல் பகுதியில் வருகிறவள் இன்னும் வீம்புக்காரி. தன் வண்டல் பாவையைக் கடல் பறித்துக்கொண்டது என்று பொடிமணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள். சிற்றில் கட்டுவதும் சிறுசோறு சமைப்பதும் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கும் பிடித்த விளையாட்டுகள். மண்ணில் சமைத்துப் பரிமாறும் பழக்கம் நம்மிடம் ஓவிய வகுப்புகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

● கலசப்பாக்கம் செய்யாற்றங்கரை ஊர். ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் சேரும் ஆறு அது. தை மாதம் ரதசப்தமியன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கேதான் எழுந்தருளுகிறார். ஆனால் ஆற்று மணலில் லட்டு பிடிக்க முடியாது. மணல் துகள் பெரியது, ஒன்றையொன்று பற்றாது. களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் சிறியது. தட்டையான துகள்களுக்கு நடுவே நீர் புகுந்துகொண்டு அவற்றை வழுக்கவும் விடுகிறது, விலகாமல் பிடித்தும் வைக்கிறது. அந்த மண்ணுக்கு ஏரிக்குத்தான் போக வேண்டும். ஏரி, குளங்களில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல், களிமண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று தமிழக அரசு 2024-ல் நடைமுறையை எளிதாக்கியது. பள்ளிக்கு ஒரு கூடை மண் போதும். ஊரில் சக்கரம் சுற்றுகிற குயவர் இருந்தால் அவரிடமே பிசைந்த மண்ணாகக் கேட்டு வாங்குவது இன்னும் நல்லது. கல், வேர் பொறுக்கும் வேலை மிச்சம்.

● நிஜம்போலத் தெரியும் பலகாரத்துக்கு முதல் கருவி அடுப்படிச் சாமான். கடையில் விற்கும் சிற்பக் கருவிப் பெட்டி இரண்டாவதுதான். ஏன் என்று ஒவ்வொரு பலகாரமாகப் பார்க்கலாம்.

ஜாங்கிரி: மண்ணைத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் கரைத்து, பால் பாக்கெட்டில் நிரப்பி, மூலையைக் கத்தரித்துப் பிழிய வேண்டும். நிஜ ஜாங்கிரியும் ஓட்டைத் துணியில் அப்படித்தான் பிழியப்படுகிறது. முதலில் வட்டம், பிறகு அந்த வட்டத்தின் மேலேயே சின்னச் சின்னச் சுழிகள். நடுவிலிருந்து வெளியே சுற்றிக்கொண்டே போனால் அது ஜிலேபி. பிள்ளைகள் பாதிப் பேர் ஜிலேபியைச் செய்துவிட்டு ஜாங்கிரி என்பார்கள். வாங்கித் தின்னும்போது நாமும் கவனித்ததில்லை என்பதால் கோபிக்க வேண்டாம்.

லட்டு: பூந்தியை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தால் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும். உள்ளே ஓர் உருண்டை பிடித்து, மேலே மண்குழம்பு பூசி, கடுகளவு மணிகளில் புரட்டி எடுத்து, உள்ளங்கையில் லேசாக அழுத்துவது சுருக்கு வழி. சில மணிகள் நசுங்க வேண்டும், சில இடத்தில் பள்ளம் தெரிய வேண்டும். எல்லா மணியும் ஒரே மாதிரி உருண்டையாக இருந்தால் அது லட்டு இல்லை, பாசிமணி. வண்ணத்திலும் ஒரே மஞ்சள் கூடாது. மூன்று மஞ்சள் கலந்து, அங்கங்கே ஒரு ஆரஞ்சு, ஓரிடத்தில் கிராம்பின் கறுப்பு.

மைசூர்பாகு: பழைய பாணிக் கெட்டி மைசூர்பாகில் துளைகள் மேலும் கீழுமாக ஓடும், நெய் நுரைத்து மேலெழுந்த தடம் அது. பல்குத்தும் குச்சியால் அந்தத் திசையிலேயே குத்த வேண்டும். வெட்டு முகத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நடுப்பட்டை ஓரத்தைவிடச் சிவந்திருக்கும், தட்டில் கொட்டிய பிறகும் நடுவில் சூடு தங்குவதால். அந்த ஒரு பட்டையைத் தீட்டிவிட்டால் போதும், மற்றதைப் பார்க்கிறவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

பால்கோவா: அரை ஈர மண்ணைச் சல்லடையில் வைத்துத் தேய்த்தால் உதிரும் குருணைதான் பால்கோவா. அதை அள்ளிக் குவித்தால் போதும், அழுத்தவே கூடாது. மேலே பளபளப்புப் பூசினால் கெட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலைமிட்டாய் இதற்கு நேர் எதிர், பளபளப்பு இல்லாவிட்டால் வெறும் செங்கல் துண்டு.

சோமாசி: வீட்டுச் சோமாசிக் கரண்டியையே எடுத்து ஓரத்தில் ஓட்டுங்கள். கழுவி வைக்க மறந்தால் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும்.

அல்வா: எல்லாவற்றிலும் கடினம். ஒளி உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும், மண்ணோ ஒளியை விடாது. முதலில் வெளிர் மஞ்சள் அடித்து, காய்ந்த பிறகு வார்னிஷில் ஒரு துளி அரக்குச் சிவப்பைக் கலந்து மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, மறுபடி, மறுபடி. அப்படிப் பூசினால் ஆழம்போல ஒன்று வரும். நிஜத் திருநெல்வேலி அல்வா வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மக்கன் பேடா: ஆற்காட்டுக்காரர்கள் பெருமையோடு சொல்லும் இனிப்பு. கோவாவும் மைதாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப் போடுவார்கள். களிமண் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இந்த வட்டாரத்தில் இல்லை. வெளியே கருஞ்சிவப்புத் தோல், பிளந்த இடத்தில் வெளிர்ச் சதை, அதற்குள் பருப்பு, கீழே தேங்கிய பாகு என்று ஒரே உருண்டையில் நாலு விதப் பரப்பு.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கப்கேக் எளிது. தப்பு வந்த இடத்தில் கிரீம் பூசி மறைத்துவிடலாம். லட்டில் மறைக்க இடம் கிடையாது.

● ஈரமான பொருளில் ஒளி சின்ன, கூர்மையான வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும், உலர்ந்த பொருளில் பரந்து மங்கும். பாகு ஊறியதா, மாவாக உதிருமா என்பதைக் கண் இந்தப் புள்ளியை வைத்தே முடிவு செய்கிறது. அதனால் வார்னிஷை உருப்படி முழுவதும் அடிப்பதுதான் பள்ளிக் கண்காட்சிகளில் அதிகம் காணும் பிழை. அதிரசத்தின் நடுவில் எண்ணெய் மினுக்கம் சரி, ஓரம் வறண்டிருக்கட்டும்.

● பொரித்த நிறத்தை ஒரே டப்பாவிலிருந்து எடுக்க முடியாது. முதலில் மாவின் வெளிர் நிறம், அதன்மேல் மஞ்சள் காவி, மேட்டுப் பகுதிகளில் மட்டும் செங்காவி, கடைசியாக நுனிகளில் கரும்பழுப்பு. பிரஷைக் காகிதத்தில் துடைத்துவிட்டு, இருக்கிறதா இல்லையா என்ற அளவு வண்ணத்தோடு தேய்க்க வேண்டும். எண்ணெய் முதலில் சிவக்க வைப்பதும் மேட்டைத்தான்.

● நிழலுக்குக் கறுப்பு வேண்டாம் என்பதை நிரூபித்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்க ஓவியர் வெய்ன் தீபோ. 1963-ல் அவர் தீட்டிய கேக்குகள் ஓவியம் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. கேக்குகளின் கீழே விழும் நிழல் நீலம். எண்ணெய் வண்ணத்தைக் கேக்கின் மேல் கிரீம் தடவும் அதே கனத்தில், அதே வீச்சில் தடவியிருப்பார். வண்ணமே கிரீமாகிவிடும். பெரும்பாலும் எதிரில் கேக்கை வைத்துப் பார்த்துத் தீட்டவில்லை, நினைவிலிருந்துதான். இளம்வயதில் உணவு விடுதியில் வேலை பார்த்தவர். 1960 முதல் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தார். 2021 கிறிஸ்துமஸ் அன்று 101 வயதில் காலமானார். பள்ளிகளில் களிமண் இனிப்புப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் அவர் படத்தைக் காட்டித்தான் தொடங்குகிறார்கள்.

● அதே காலத்தில் நியூயார்க்கில் கிளாஸ் ஓல்டன்பர்க் ஒரு கடையே போட்டார். 1961 டிசம்பரில், வாடகை இடத்தில், கம்பிவலை மேல் பிளாஸ்டர் தோய்த்த துணியைச் சுற்றி, பெயின்ட் வழிய வழிய அடித்த கேக், பை, ஐஸ்கிரீம். விலைச்சீட்டும் உண்டு. நிஜம்போல இருக்க வேண்டும் என்ற கவலையே அவருக்கு இல்லை, கரடுமுரடாகத்தான் விட்டார். மறு ஆண்டு துணியில் ரப்பர் நுரையும் அட்டைப்பெட்டியும் அடைத்து 9 அடி நீளத்துக்குமேல் ஒரு கேக் துண்டைத் தரையில் கிடத்தினார். துணியைத் தைத்துக் கொடுத்தவர் அவர் மனைவி. இப்போது அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சொத்து.

● ஜப்பானில் இது விளையாட்டு இல்லை, தொழில். உணவகக் கண்ணாடிப் பெட்டியில் மெனுவில் உள்ள அத்தனையும் பொம்மையாக வரிசை கட்டி நிற்கும். தக்கிசோ இவாசாக்கி என்பவர் 1932-ல் ஒசாகாவில் இதைத் தொழிலாக நிறுவினார். மனைவி செய்த ஆம்லெட்டுக்கு அச்செடுத்து மெழுகில் வார்த்ததுதான் அவருடைய முதல் வெற்றி. அவர் பிறந்த குஜோ ஹச்சிமான் என்ற மலையூரில் இன்றும் இது முக்கியத் தொழில். போகிறவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் உருகிய மெழுகை ஊற்றி, இழுத்து, சுருட்டி, கீரைக்கட்டு செய்து எடுத்துக்கொண்டு வரலாம். மெழுகு வெயிலில் இளகும், நிறம் மங்கும் என்பதால் பிற்பாடு பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள்.

அந்த அச்சை எதில் எடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அகர் அகர். நம் வீடுகளில் சைனா கிராஸ், கடல்பாசி என்று சொல்லி நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைக்கிறோமே, அதேதான். ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். ஆக, தின்ன முடியாத ஆம்லெட்டைச் செய்ய தின்னக்கூடிய ஓர் இனிப்பு வேண்டியிருந்தது.

● 2024 அக்டோபரில் லண்டனில் இந்தப் பொய்ச் சாப்பாட்டுக்கு என்றே ஒரு கண்காட்சி திறந்தார்கள். ஜப்பான் ஹவுஸ் நடத்தியது.

● செத்தவருக்குப் பசிக்கும் என்று எகிப்தியர் நம்பினார்கள். ஏழைகளின் கல்லறை மேல் சுட்ட மண் தட்டு ஒன்றை வைப்பார்கள், அதில் மண்ணாலேயே ரொட்டியும் மாட்டுத்தலையும் உருட்டி வைத்திருக்கும். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1907-ல் ரிஃபே என்ற இடத்தில் இவற்றை ஏராளமாகக் கண்டெடுத்தார். பணக்காரர்களுக்கு ரொட்டிக் கடையே போயிற்று. மெக்கெத்ரே என்ற அதிகாரியின் கல்லறையில் 1920-ல் கிடைத்த மர மாதிரிகளில் மாவரைக்கிற ஆள், பிசைகிற ஆள், சுடுகிற ஆள் எல்லாரும் 4,000 ஆண்டாக வேலையை நிறுத்தவில்லை.

● தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்க்கும் பொருள்களில் ஒன்று, சோயா சாற்றில் வெந்த கொழுப்புக் கறித்துண்டு. உயரம் 6 சென்டிமீட்டர்கூட இல்லை. கல். அடுக்கடுக்காக நிறம் ஓடிய சூரியகாந்தக் கல்லை எடுத்து, மேல்தோலில் மயிர்க்கால் துளைகளைப் பொறித்து, சாயமேற்றியிருக்கிறார்கள். சிங் வம்சக் காலத்து வேலை, செய்தவர் பெயர் தெரியாது. கொட்டையும் பழமும் நண்டும் குவிந்திருக்கும் தட்டைப் பீங்கானிலேயே செய்யச் சொன்ன மன்னர் சியென்லுங்கும் அந்த வம்சத்தவர்தான்.

● இந்தியாவில் இந்தக் கலைக்குப் பேர்போன இடம் வங்காளத்துக் கிருஷ்ணநகரில் உள்ள கூர்ணி. மனித உருவங்களோடு பழம், காய்கறி, மீன், பூச்சி என எதை வேண்டுமானாலும் மண்ணில் உயிரோடு கொண்டுவருவார்கள். 1851 லண்டன் பெருங்கண்காட்சியிலேயே கிருஷ்ணநகர்ப் பொம்மைகள் இருந்தன. அதே ஊருக்கு இன்னொரு பெருமை, பாலாடையில் செய்யும் சர்ப்பூரியா. இனிப்புக்கும் மண்ணுக்கும் ஒரே ஊர் பெயர் வாங்குவது வேடிக்கைதான். லக்னோவிலும் மண் பழங்கள் பெரிய வியாபாரமாக இருந்தன.

● நம் பக்கம் கொலு. செட்டியார் பொம்மைக்கு முன்னால் பலசரக்கு பரப்பாத கொலு உண்டா? கல்யாண செட்டில் சீர்த்தட்டு, அதில் விரல்நக அளவு லட்டும் முறுக்கும். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு, மதுரை அருகே விளாச்சேரி, கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டி என்று பெரிய மையங்கள். களிமண்ணில் மூல உருவம் செய்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, மண்ணிலோ காகிதக்கூழிலோ வார்க்கிறார்கள். சீர்த்தட்டு லட்டுகளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் மஞ்சள் புள்ளிகள்தான். எட்ட நின்று பார்த்தால் லட்டு. எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்பதை அறிந்து அந்த அளவுக்கு மட்டும் உழைப்பதும் ஒரு தேர்ச்சிதான்.

● தின்ன முடியாத சிற்பத்துக்குள் நிஜ இனிப்பு இருக்கிறது தெரியுமா? கோபுரங்களில் நிற்கும் சுதைச் சிற்பங்களுக்கான சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரோடு வெல்லக் கரைசலையும் சேர்ப்பது மரபு. வெல்லம் சாந்தை இளக்கமாக்கி வேலைக்கு வாகாக்குகிறது, இறுகுவதற்கும் கைகொடுக்கிறது. நம் வட்டாரத்தில் வாழைப்பந்தல், முனுகப்பட்டு பச்சையம்மன் கோயில்களில் உட்கார்ந்திருக்கும் முனிகளைப் பாருங்கள். அந்த உயரத்தில் சுதை பேசும்.

● ஜவ்வாது மலையடிவாரத்தில், திருப்பத்தூர் பக்கம் உள்ள பையம்பள்ளியில் 1960-களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது புதிய கற்காலத்துக் கையால் வனைந்த சாம்பல் நிறப் பானைகளோடு கருகிய கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. பானையும் பண்டமும் நெருப்பில் பட்டதால் பிழைத்தவை. பொதுவாக நெருப்பு பானையைக் காக்கும், பயறைத் தின்றுவிடும். கருகி அரைகுறையாக நின்றுபோனதால் அந்தப் பயறும் காலத்தைத் தாண்டியது.

● சூளையில் களிமண் உருப்படி வெடிப்பது உள்ளே மாட்டிய காற்றால் என்று பலரும் சொல்வார்கள். குற்றவாளி ஈரம். நீர் ஆவியானால் 1,600 மடங்குக்குமேல் இடம் கேட்கும். கனமான லட்டின் நடுவில் ஈரம் மிச்சம் இருந்து, சூடு வேகமாக ஏறினால் ஆவி வழி தேடி உடைத்துக்கொண்டு வரும். அதனால் பெரிய உருண்டைகளை அரை ஈரத்தில் இரண்டாக அறுத்து, உள்ளே குடைந்து, கீறி, மண்குழம்பு தடவி மறுபடி ஒட்டி, அடியில் ஓர் ஊசித்துளை போட்டுவிட வேண்டும். நிழலில் பல நாள் காய வேண்டும். காயும்போதே உருப்படி நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சுருங்கும், நிஜ அளவு வேண்டுமென்றால் கொஞ்சம் பெரிதாகத் தொடங்குங்கள்.

● சூளை இல்லாத பள்ளி? சுடாமலேயே அக்ரிலிக் வண்ணம் அடித்து வைக்கலாம், அலமாரியில் பல ஆண்டு நிற்கும். தண்ணீரில் போட்டால் மட்டும் மறுபடி மண். ஊறவைத்து அரைத்த செய்தித்தாள் கூழை மண்ணோடு பிசைந்தால் விரிசல் வெகுவாகக் குறையும். பிள்ளையாருக்கும் கொலுப் பொம்மைக்கும் இதைச் செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

● சோளமாவு ஒரு கப், வெள்ளைப் பசை ஒரு கப், எண்ணெய் இரண்டு ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு ஸ்பூன். அடுப்பில் சிறுதீயில் கிளறினால் அல்வாப் பதத்தில் திரண்டு பாத்திரத்தை விட்டு வரும். ஆறியதும் எண்ணெய் தடவிப் பிசைந்தால் பீங்கான்போல வழவழப்பான, சுடத் தேவையில்லாத மாவு தயார். தென் அமெரிக்காவில் இதற்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. பூவிதழ், ரோஜா வைத்த கேக் போன்ற மெல்லிய வேலைக்கு மண்ணைவிட இது மேல். கிளறிய பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

● ஃபிமோ போன்ற பாலிமர் களிமண்ணில் களிமண்ணே கிடையாது. பி.வி.சி. பிளாஸ்டிக்கும் அதை இளக்கும் எண்ணெயும் நிறமியும்தான். வீட்டு ஓவனில் 110 டிகிரி செல்சியஸிலேயே இறுகிவிடும். ஜெர்மனியில் பொம்மை செய்யும் குடும்பத்துப் பெண் ஒருவர் 1930-களில் பொம்மைத் தலைக்காகத் தேடிய மாற்றுப் பொருளிலிருந்து வளர்ந்து, 1960-களில் ஃபிமோ என்று கடைக்கு வந்தது. காதில் தொங்கும் மினியேச்சர் இட்லி, தோசைக் கம்மல்கள் பல இந்த வகைதான். விலையைப் பார்த்தால் அரசுப் பள்ளி வகுப்புக்குக் கட்டுபடியாகாது. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை.

● காட்பாடி அருகே, தொழுநோய் மருத்துவமனையால் பலருக்குத் தெரிந்த கரிகிரி, நீலமும் பச்சையுமாக மெருகிட்ட மண்பாண்டத்துக்கும் பெயர்பெற்ற ஊர். அந்தக் கண்ணாடி மெருகு சூளையில் உருகிப் படிவது. பாகு வழியும் மக்கன் பேடாவுக்கு வார்னிஷ் பூச்சைவிட அது எத்தனையோ பொருத்தம். மெருகு உருகும்போது தானே வழிந்து பள்ளத்தில் தேங்கிக்கொள்ளும், நாம் தீட்ட வேண்டியதே இல்லை.

● சென்னை ஓவியக் கல்லூரியின் தொடக்கம் 1850. அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தன் சொந்தச் செலவில் பிராட்வேயில் ஆரம்பித்தார். மறு ஆண்டே கைத்தொழில் பள்ளியும் சேர்ந்தது. இந்த மாகாணத்துக் களிமண் வகைகளில் எது பானைக்கு, எது ஓட்டுக்கு, எது செங்கல்லுக்கு என்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். மண்ணைத் தொடாத ஓவியக் கல்வி அவர் கணக்கில் அரைக் கல்வி.

● 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் நாளிதழ் படிப்பவர்களுக்குப் பழக்கமான செய்தி. களிமண் பாடம் ஒரு நாளில் முடிகிற பாடமில்லை. பிடிக்க ஒரு நாள், குடைய ஒரு நாள், காய ஒரு வாரம், வண்ணத்துக்கு இரண்டு நாள். ஓவிய ஆசிரியர் வாரம் முழுக்கப் பள்ளியில் இருந்தால்தான் காய்கிற லட்டை ஈரத்துணி போட்டு மூடவும் திறக்கவும் ஆள் கிடைக்கும். 2022-லிருந்து அரசு நடத்தும் கலைத் திருவிழாவில் களிமண் வேலைக்கும் போட்டி உண்டு. போட்டிக்கு முந்தைய வாரம் மட்டும் மண் பிசைவது போதாது என்பது என் கட்சி.

● ஐஸ்கிரீம் விளம்பரப் படங்களில் மசித்த உருளைக்கிழங்கு நடித்த காலம் உண்டு. ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் நிஜ ஐஸ்கிரீம் நிற்காது. கிரீமுக்குப் பதில் முகச்சவர நுரை, தேன்பாகுக்குப் பதில் இன்ஜின் ஆயில்.

● 1940-ல், போர்க்காலத் தட்டுப்பாட்டில், பிரிட்டன் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சுப் போடுவதற்குத் தடை விதித்தது. கல்யாணங்கள் நிற்கவில்லை. பிளாஸ்டரிலும் அட்டையிலும் செய்த மூன்றடுக்குக் கேக் கூடுகள் வாடகைக்கு வந்தன. மணமக்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு கூட்டைத் தூக்கினால் உள்ளே சின்னதாக ஒரு நிஜக் கேக். இன்று நம் ஊர் பேக்கரிக் கண்ணாடிக்குள் அடுக்கடுக்காக நிற்பதும் பெரும்பாலும் தெர்மாகோல்தான், வெளிப்பூச்சு மட்டும் சர்க்கரை.

● எதிர்த்திசை வித்தையும் உண்டு. 2020 ஜூலையில் துருக்கியைச் சேர்ந்த தூபா கெச்கில் என்ற கேக் கலைஞரின் காணொலி உலகம் சுற்றியது. செருப்பு, சோப்பு, கழிப்பறைக் காகித உருளை என்று ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்டுவார்கள், உள்ளே கேக். 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் இதையே போட்டி நிகழ்ச்சியாக்கியது. அதில் நடுவர்கள் சில அடி தள்ளி நின்று, சில நொடிகளில் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக் கண்காட்சியில் ஒரு தட்டில் ஐந்து மண் லட்டும் ஒரு நிஜ லட்டும் வைத்து இதே பந்தயத்தை நடத்தலாம். மோந்து பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெய் காட்டிக்கொடுத்துவிடும்.

● மலைமேல் ஜமுனாமரத்தூரில் விளையும் சாமையில் பாயசம் வைத்து, அதையே மண்ணில் செய்ய முயன்றால் வரும் சிக்கல், திரவம். கிண்ணம் எளிது, பால் கடினம். வெள்ளைப் பசையில் துளி மஞ்சள் காவி கலந்து ஊற்றிக் காயவிடுவது மலிவான வழி. காயும்போது பசை நடுவில் குழியும், இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். பாயசம் குடித்த கிண்ணத்து ஓரத்தில் ஒட்டியிருக்கும் வளையத்தை அந்தக் குழிவே இலவசமாகச் செய்து தருகிறது.

● உணவுபோலத் தோன்றி, குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய ஆபத்தான பொருள்களை விற்க ஐரோப்பியச் சமூகம் 1987-லேயே தடை கொண்டுவந்தது. பழ வடிவ அழிப்பான், மிட்டாய் வாசனைச் சோப்பு எல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் பட்டவை. நம் பள்ளிக் கண்காட்சிக்கு அந்தச் சட்டம் வராது. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். வார்னிஷ் அடித்த மக்கன் பேடாவை அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எட்டுகிற உயரத்துக்கு ஒரு தட்டு நிஜப் பேடா வாங்கி வைத்தால் தகராறே இல்லை.